கொல்லையில் கிரிக்கெட்: எந்த விதியை வைத்துக்கொள்வது?

மே மாதம் பிறந்தால் இந்தக் கேள்வி வந்துவிடும். "பிள்ளைகள் ஒன்பது பேர் சேர்ந்திருக்கிறார்கள். பெரியவனுக்குப் பதினாறு வயது, கடைக்குட்டிக்கு ஏழு. பத்து நிமிடத்துக்கு ஒரு சண்டை. சுவரைத் தாண்டினால் சிக்ஸா, அவுட்டா? ஒன் பிட்ச் கேட்ச் வைக்கலாமா? கையைச் சுழற்றிப் போட விடலாமா?" கேட்பவர் பெரும்பாலும் ஒரு அம்மாவாகவோ சித்தப்பாவாகவோ இருப்பார். சண்டையைத் தீர்க்கப் போய், இரண்டு பக்கத்திடமும் திட்டு வாங்கியிருப்பார்.

இதில் எனக்கு நீண்ட பழக்கம் உண்டு. தஞ்சாவூர்ப் பக்கம் எங்கள் தாத்தா வீட்டுக் கொல்லையில் முதலில் ஆடினேன். இப்போது அதே கொல்லையில் அக்கா பிள்ளைகளும் தம்பி பிள்ளைகளும் ஆடுகிறார்கள், நான் பக்கத்தில் நிற்கிறேன். பந்து போடும் இடத்திலிருந்து துவைக்கிற கல் வரை 48 அடி. கல்தான் ஸ்டம்ப். முறையான பிட்ச் 22 கெஜம், அதாவது 66 அடி. இடது கைப்பக்கம் கிணறு, வலது பக்கம் மதில், மதிலுக்கு அந்தப்புறம் பக்கத்து வீட்டு ஓட்டுக்கூரை. நடுவில் கொஞ்சம் தள்ளி ஒரு மாமரம். இப்படிப்பட்ட இடத்தில் புத்தக விதியை அப்படியே வைத்து ஆட முடியாது. ஆனால் எந்த விதியை மாற்றினாலும் அதற்கு ஒரு விலை உண்டு. அதைத் தெரிந்துகொண்டு மாற்றினால் பாதிச் சண்டை குறையும்.

## முதலில், எதை வைத்து எடைபோடுவது?

நான் நாலு விஷயம் பார்ப்பேன். அம்பயர் இல்லாமல் தீர்ப்புச் சொல்ல முடிகிறதா என்பது முதலாவது. நின்று பார்க்கிற எல்லாருக்கும் ஒன்றுபோலத் தெரிகிற விஷயம்தான் கொல்லைக்கு ஏற்ற விதி. இரண்டாவது, இருப்பதிலேயே சின்னப் பிள்ளைக்கு ஒரு மாலையில் எத்தனை பந்து ஆடக் கிடைக்கிறது. மூன்றாவது, பந்தைத் தேடுவதில் எவ்வளவு நேரம் போகிறது. நாலாவது, அக்கம்பக்கத்து ஓடு, கண்ணாடி, செடி.

முதல் இரண்டையும்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். பந்து தொலைந்தால் வேறு பந்து வாங்கிக்கொள்ளலாம். ஏழு வயதுப் பிள்ளை நாலு நாள் வெயிலில் நின்று பந்து பொறுக்கிப் போட்டுவிட்டு, ஐந்தாம் நாள் "நான் வரல" என்று உள்ளே போய் உட்கார்ந்துகொண்டால் அதைத் திரும்ப அழைத்து வருவது கஷ்டம்.

## சுவரைத் தாண்டினால்: சிக்ஸா, அவுட்டா?

சிக்ஸ் என்றால் ஆறு ரன் என்பது ஆதியிலிருந்தே இருந்த விதி இல்லை. இங்கிலாந்தில் 1910 வரை எல்லைக்கோட்டைத் தாண்டினால் மட்டும் போதாது, மைதானத்தை விட்டே பந்து வெளியேறினால்தான் ஆறு. நம் கொல்லை விதிக்கு இன்னும் நெருங்கிய சொந்தம் ஒன்றும் அங்கே இருக்கிறது. மேற்கு சசெக்ஸில் சவுத்விக் அண்ட் ஷோர்ஹாம் என்று ஒரு கிளப், 1790-இல் தொடங்கியது. சுற்றியிருக்கிற வீட்டுக்காரர்கள் ஜன்னலும் காரும் அடிபடுவதாகப் புகார் சொன்னதால் 2024-இல் சிக்ஸையே தடை செய்தார்கள். முதல் முறை அடித்தால் ரன் கிடையாது. அடுத்த முறை அவுட். நம் ஊரில் "டைரக்டா போனா அவுட்டு" என்று பிள்ளைகள் காலங்காலமாகச் சொல்லிவருவதும் இதே நியாயம்தான்.

சிக்ஸ் என்று வைத்தால் அடிக்கிறவருக்கு ஆனந்தம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பதினாறு வயதுப் பையன் ஓவருக்கு மூன்று முறை பந்தை மதிலுக்கு அப்பால் அனுப்புவான். எடுத்து வரப் போவது யார்? எப்போதும் சின்னவர்கள்தான். ஆட்டத்தில் பாதி நேரம் அவர்களுக்கு அந்த வேலையிலேயே போய்விடும். சுற்றிலும் வயலோ திடலோ இருந்து, தாண்டிய பந்து கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் விழுமானால் தாராளமாக சிக்ஸ் வைத்துக்கொள்ளுங்கள்.

அவுட் என்று வைத்தால் நிலைமை ஒரே நாளில் மாறும். எங்களுக்கு அது ஓர் ஓட்டால் வந்தது. நேராகப் போன பந்து பக்கத்து வீட்டுக் கூரையில் விழுந்து ஓடு உடைந்தது. அந்த வீட்டு ஆத்தா சத்தம் போடவில்லை. உடைந்த இரண்டு துண்டையும் கொண்டுவந்து எங்கள் பின்வாசல் படியில் வைத்துவிட்டுப் போய்விட்டார். தாத்தா புது ஓடு வாங்கிப் போட்டார். அன்றிலிருந்து வலது பக்கம் டைரக்டாகத் தாண்டினால் அவுட், அடித்தவரே போய்க் கேட்டு வாங்கி வர வேண்டும்.

இந்த விதி பெரியவனை மட்டும்தான் கட்டுப்படுத்துகிறது. சின்னப் பிள்ளை அடித்து மதிலைத் தாண்டப்போவதில்லை. வயது வித்தியாசம் உள்ள கூட்டத்துக்கு அதனால்தான் இது பொருந்துகிறது. பெரியவனும் பந்தைத் தரையோடு அடிக்கக் கற்றுக்கொள்கிறான், அவனுக்கும் அது நல்லதுதான்.

இதன் மறைமுக விலை, "பட்டுத்தான் போச்சு", "இல்ல, டைரக்ட்" என்கிற வாக்குவாதம். மதிலுக்குப் பக்கத்தில் குத்தி எழும்பிய பந்தை யாரும் சரியாகப் பார்த்திருக்க மாட்டார்கள். இதற்கு எங்கள் ஏற்பாடு: சந்தேகம் வந்தால் அந்தப் பந்தே கணக்கில் இல்லை, திரும்பப் போட வேண்டும். இன்னொன்று, பேட்டின் விளிம்பில் பட்டுப் பின்னால் தாண்டினால் அவுட் கிடையாது. முன்பக்கம் ஓங்கி அடித்ததற்குத்தான் தண்டனை, தவறிப்போன பந்துக்கு இல்லை.

கிணற்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். கிணற்றுக்குள் விழுந்தால் அவுட், அத்தோடு ஆட்டமும் நின்றுவிடும். பெரியவர் யாராவது வந்து வாளி விட்டு எடுக்கும்வரை பிள்ளைகள் கைப்பிடிச் சுவரைத் தொடக்கூடாது. இதில் பேரமே இல்லை. கம்பி வலை போட்டு மூடிவிட்டால் இன்னும் நல்லது, நாங்கள் அப்படித்தான் செய்துவிட்டோம்.

மாமரத்துக்கும் முன்கூட்டியே ஒரு முடிவு வேண்டும். இங்கிலாந்தில் கேன்டர்பரி மைதானத்தில் எல்லைக்கோட்டுக்கு உள்ளேயே ஒரு லைம் மரம் (எலுமிச்சை இல்லை, பெரிய நிழல் மரம்) வெகுகாலம் நின்றது. 2005 ஜனவரியில் காற்றில் சாய்ந்துவிட்டது. அந்த மரத்தில் பந்து பட்டால் நாலு ரன் என்பது அங்கே ஏற்பாடு. அப்படி ஏதும் பேசிவைக்காவிட்டால், உள்ளே இருக்கிற மரத்தில் பட்டு வருகிற பந்தைப் பிடித்தாலும் அவுட் என்றுதான் புத்தக விதியே சொல்கிறது. இரண்டில் நான் கேட்சைத் தேர்ந்தெடுப்பேன். இலைக்குள் போன பந்து எந்தக் கிளையிலிருந்து நழுவும் என்று நாலு பேர் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்கிற அந்த நாலு நொடி, வேறு எந்த ஆட்டத்திலும் கிடைக்காது.

## கேட்ச்: ஒன் பிட்ச் ஒரு கையா, நேர் கேட்ச் மட்டுமா?

ஒரு முறை தரையில் குத்தி எழும்புகிற பந்தை ஒற்றைக் கையால் பிடித்தால் அவுட். ஆஸ்திரேலிய வீட்டுக் கொல்லைகளிலும் இதே விதி உண்டு. ஆள் குறைவாக இருக்கிற இடத்தில் எல்லாருக்கும் இது தோன்றியிருக்கிறது.

இதில் ஃபீல்டர்கள் தூங்க மாட்டார்கள். போன வருடம் எட்டு வயதுப் பெண் ஒருத்தி கிணற்றடியில் நின்றாள். பெரியவன் தரையோடு வெட்டி அடித்தான். பந்து துவைக்கிற கல்லுக்குப் பக்கத்து மேட்டில் குத்தி அவள் தோளுக்கு மேலே எழும்பியது. வலது கையில் பாதி தின்ற கொய்யா. கொய்யாவை விடாமல் இடது கையை நீட்டினாள். பந்து உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டது. அவன் ஒரு வார்த்தை பேசாமல் பேட்டைக் கீழே வைத்துவிட்டு வந்தான். நேர் கேட்ச் மட்டும் என்றிருந்தால் அந்தப் பெண்ணுக்கு அந்த நாள் கிடைத்திருக்காது.

இனி விலையைப் பார்ப்போம். சின்ன ஃபீல்டருக்குக் கை கொடுக்கிற இதே விதிதான் சின்ன பேட்ஸ்மேனைக் கவிழ்க்கிறது. ஏழு வயதுப் பிள்ளை அடிக்கிற பந்து எப்படிப் போகும்? மெதுவாக, ஒரு முறை குத்தி, இடுப்பு உயரத்துக்கு வரும். எட்டடி தள்ளி நிற்கிற பெரிய பையனுக்குக் கையில் கொடுத்த மாதிரிதான். கட்டை போட்டு நிற்பதும் முடியாது, ஏனென்றால் தடுத்த பந்தும் முன்னால் குத்தித்தானே எழும்பும்? ஒன் பிட்ச் வைத்த ஆட்டத்தில் பிள்ளைகள் ஆளுக்கு இரண்டு பந்தில் அவுட்டாகிப் போவது இதனால்தான். பலர் இதைக் கவனிப்பதில்லை. "சின்னவங்களுக்கு நல்லது" என்று நினைத்து ஒன் பிட்ச் வைக்கிறார்கள், பிறகு சின்னவர்கள் அழுவது ஏன் என்று புரியாமல் நிற்கிறார்கள்.

நேர் கேட்ச் மட்டும் என்றால் இதற்கு நேர் எதிர். நன்றாக ஆடுகிறவனை அவுட்டாக்கவே முடியாது. சுவரும் அவுட் இல்லை, ஒன் பிட்சும் இல்லை என்றால் ஒருவனே இருட்டும்வரை ஆடுவான்.

அதனால் எங்கள் கொல்லையில் பிரித்து வைத்திருக்கிறோம். பத்து வயதுக்கு மேல் ஆடுகிறவர்களுக்கு ஒன் பிட்ச் உண்டு, கீழே இருக்கிறவர்களுக்குக் கிடையாது. பேட்ஸ்மேனைச் சுற்றிப் பத்தடிக்கு ஒரு கோடு கிழித்து, அதற்குள் யாரும் நிற்கக்கூடாது என்றும் வைத்தோம். கீப்பருக்கு ஒன் பிட்ச் இல்லை. "நான் ஆடும்போது மட்டும் ஏன் ஒன் பிட்ச்?" என்று பதினொரு வயதுக்காரன் ஒருவன் கேட்டான். "நீ ஃபீல்டிங் நிற்கும்போது உனக்கும் அது லாபம்தானே?" என்றேன். சரி என்று போய்விட்டான்.

எல்லாரும் ஒரே வயது, ஆள் நாலைந்து பேர்தான், இடம் குறுகல் என்றால் யோசிக்கவே வேண்டாம், எல்லாருக்கும் ஒன் பிட்ச் வைத்துவிடுங்கள்.

## பவுலிங்: அண்டர் ஆர்மா, கையைச் சுழற்றியா?

அண்டர் ஆர்ம், அதாவது கையைத் தோளுக்கு மேலே தூக்காமல் கீழிருந்து போடுவது என்றால், பெரியவர்களுக்கு 1981 பிப்ரவரி 1 நினைவுக்கு வரும். மெல்போர்னில் ஆட்டத்தைச் சமன் செய்யவே நியூசிலாந்துக்குக் கடைசிப் பந்தில் ஆறு ரன் தேவை. ஆஸ்திரேலியக் கேப்டன் கிரெக் சாப்பல் தன் தம்பி டிரெவரிடம் பந்தைத் தரையோடு உருட்டிவிடச் சொன்னார். அந்த நாளால் அண்டர் ஆர்முக்குக் கெட்ட பெயர் வந்துவிட்டது. ஆனால் கிரிக்கெட் பிறந்ததே அண்டர் ஆர்மில்தான். கையைத் தோளுக்கு மேலே தூக்கிப் போடுவதற்கு முழு அனுமதி கிடைத்தது 1864-இல். இப்போதும் ஆட்டத்துக்கு முன்னால் இரு பக்கமும் பேசி ஒப்புக்கொண்டால் அண்டர் ஆர்ம் போடலாம் என்று புத்தக விதியிலேயே இடம் இருக்கிறது. கொல்லை ஆட்டம் முழுக்கவே அப்படிப் பேசி ஒப்புக்கொண்டதுதானே.

கையைச் சுழற்றிப் போட்டால் 48 அடியில் பந்து வருகிற நேரம் 66 அடியில் வருவதில் முக்கால் பங்குகூட இருக்காது. டென்னிஸ் பந்து 58 கிராம் சுமார், கிரிக்கெட் பந்து 160 கிராம் சுமார், அதனால் காயம் பெரிதாக இருக்காது. ஆனாலும் சின்னப் பிள்ளை பயந்து காலை எடுத்துவிடும். பயந்த பிள்ளைக்கு ஆட்டம் வராது. அடுத்து, மாங்கா எறிகிற பிரச்சினை. முழங்கையை மடக்கி எறிகிறானா என்பதைச் சர்வதேச ஆட்டத்திலேயே கேமரா வைத்து 15 டிகிரி கணக்குப் பார்க்கிறார்கள். கொல்லையில் யார் பார்ப்பது? என் முதல் அளவுகோலில் இது சுத்தமாகத் தோற்றுப்போகிறது.

அண்டர் ஆர்மில் அந்தச் சண்டை இல்லை. ஓடிவர இடம் வேண்டாம். வேகம் குறைவதால் ஓட்டுக்கும் நல்லது. விலை என்னவென்றால், தரையோடு உருட்டிவிட்டுத் தப்பிப்பது. பாதித் தூரத்தில் ஒரு கோடு போட்டு, அதைத் தாண்டி ஒரே முறை குத்த வேண்டும், உருண்டால் நோ பால் என்று சொல்லிவிட்டால் அதுவும் தீர்ந்தது. இன்னொரு விலை, பதினாலு பதினைந்து வயதுக்காரர்களுக்கு இது சப்பென்று இருக்கும். அவர்களுக்கு விரல் வேலையைச் சொல்லிக்கொடுங்கள். சென்னைத் தெருக்களில் டென்னிஸ் பந்தில் ஆடுகிறவர்களிடம் புழங்கிய சொடுக்குப் பந்துதான் பிறகு அஸ்வின் கையில் உலகம் பார்த்த பந்தாக ஆனது. நடுவிரலால் கேரம் காயைச் சுண்டுகிற மாதிரி பந்தைச் சுண்டிவிட வேண்டும். ஒரு மாதம் இதிலேயே மூழ்கிக் கிடப்பார்கள்.

என் முடிவு: பேட் பிடிக்கிறவர் கேட்கிறபடி பவுலிங். "அண்டர் ஆர்மா, மேல் கையா?" என்று கேட்டுவிட்டுப் போட வேண்டும். ஒன்பது வயதுக்காரி மேல் கைதான் வேண்டும் என்று நின்றால் அவளுக்கு மேல் கை. தானே கேட்டு வாங்கியதால் அவுட்டானாலும் குறை சொல்வதில்லை.

## ஆடும் முறை: அணியா, தனித்தனியா?

அணி பிரித்து ஆடினால் உற்சாகம் அதிகம். ஒற்றைப்படையில் ஆள் இருந்தால் ஒருவர் ஜோக்கர், இரண்டு பக்கமும் ஆடுவார். கடைசி ஆள் தனியாக நின்று ஆடலாம். எல்லாம் சரிதான். ஆனால் ஜெயிக்க வேண்டும் என்று வந்துவிட்டால் கேப்டன் தன் அணியின் கடைக்குட்டியைக் கடைசியில்தான் இறக்குவான், அதற்குள் ஓவர் முடிந்துவிடும்.

ஒப்புக்குச் சப்பாணி என்று சேர்த்துக்கொள்வதும் உண்டு. அந்தப் பிள்ளை அவுட்டே ஆகாது, அதன் ரன்னும் கணக்கில் வராது. முதல் நாள் சிரித்துக்கொண்டு ஆடும். இரண்டாம் நாள் தனக்கு மட்டும் ஏதோ வேறு மாதிரி நடக்கிறது என்று தெரிந்துவிடும். ஐந்து வயதுக்கு மேல் யாரையும் அப்படி வைக்காதீர்கள்.

தனித்தனி ஆட்டத்தில் ஆளுக்கு இரண்டு ஓவர், பன்னிரண்டு பந்து. அவுட்டானால் பேட் கையைவிட்டுப் போகாது, மூன்று ரன் குறையும். ஏழு வயதுக்கும் பன்னிரண்டு பந்து, பதினாறு வயதுக்கும் பன்னிரண்டு பந்து. வைடு மூன்று போனால் பேபி ஓவர் என்று முடித்துவிட்டு வேறு ஆள் போட வேண்டும், இல்லையென்றால் ஓவர் முடியாது. குறை என்னவென்றால் அவுட் என்ற சொல்லின் சூடு கொஞ்சம் தணிந்துவிடும். அதனால் வாரத்தில் ஐந்து நாள் இப்படியும், சனி ஞாயிறு அணி பிரித்தும் ஆட விடுகிறோம்.

எல்பிடபிள்யூ, அதாவது ஸ்டம்புக்குப் போகிற பந்தைக் கால் மறைத்தால் அவுட் என்பது, வேண்டவே வேண்டாம். 1774-இலிருந்து விதிப்புத்தகத்தில் இருக்கிறது, இன்றுவரை அதைப் பற்றிய தகராறு ஓயவில்லை. வேண்டுமென்றே காலை வைத்து மறைத்தால் மூன்றாம் முறை அவுட், அவ்வளவு போதும்.

## ஒரே பார்வையில்

| விதி | அம்பயர் இல்லாமல் | சின்னவர்களுக்கு | மறைமுக விலை | எப்போது நல்லது |
|---|---|---|---|---|
| தாண்டினால் சிக்ஸ் | சுலபம் | பந்து பொறுக்கும் வேலை | ஓடு, கண்ணாடி, நேரம் | சுற்றிலும் திறந்த வெளி |
| டைரக்ட் அவுட் | குத்திப் போனதா என்ற சந்தேகம் | நல்லது | ஓங்கி அடிக்கும் சுகம் போகும் | பக்கத்தில் வீடுகள் |
| எல்லாருக்கும் ஒன் பிட்ச் | சுலபம் | பிடிக்க நல்லது, ஆடக் கெடுதல் | இரண்டு பந்தில் அவுட் | ஒரே வயது, ஆள் குறைவு |
| நேர் கேட்ச் மட்டும் | சுலபம் | ஆட நல்லது | ஒருவரே வெகுநேரம் ஆடுவது | ஆள் அதிகம், இடம் பெரிது |
| அண்டர் ஆர்ம் | சுலபம் | நல்லது | உருட்டல், பெரியவர்களுக்குச் சலிப்பு | 50 அடிக்குக் குறைந்த இடம் |
| மேல் கை | மாங்காத் தகராறு | பயம் | ஓடிவர இடம் வேண்டும் | ஒத்த வயது |
| அணி ஆட்டம் | சுலபம் | வாய்ப்புக் குறைவு | கடைக்குட்டி கடைசியில் | எட்டுப் பேருக்கு மேல் |
| ஆளுக்கு 12 பந்து | கணக்கு எழுத வேண்டும் | மிக நல்லது | பரபரப்புக் குறைவு | வயது வித்தியாசம் அதிகம் |

## உங்கள் இடம் எது?

மொட்டை மாடி என்றால் டைரக்ட் அவுட், அண்டர் ஆர்ம், ஒன் பிட்ச் மூன்றும் சேர்ந்தே வேண்டும். கைப்பிடிச் சுவர் பிள்ளையின் நெஞ்சு உயரத்துக்குக் கீழே இருந்தால் மாடியில் ஆடவே விடாதீர்கள். கேட்ச் பிடிக்கப் பின்னால் நகர்கிற பிள்ளை சுவரைப் பார்க்காது.

தெருவில் ஆடினால் "வண்டி" என்று யார் கத்தினாலும் பந்து செத்தது. அந்தப் பந்தில் அவுட்டும் இல்லை, ரன்னும் இல்லை. வண்டி வரும்போதும் ரன்னுக்காக ஒரு நொடி தாமதித்து ஒதுங்குகிற பழக்கம் இதனால்தான் போகும்.

அடுக்குமாடி வளாகத்தில் காரில் பட்டால் அவுட் என்று வைத்து, காருக்கு அடியில் போன பந்துக்கு ஒரு ரன் மட்டும் கொடுங்கள். ஊர்ந்து போய் எடுக்கிற நேரத்தில் ஓடி ஓடிப் பத்து ரன் சேர்ப்பதை இது நிறுத்தும்.

எங்களைப் போலக் கொல்லை இருந்தால், நான் மேலே சொன்ன கலவையை ஒரு வாரம் ஆடிப் பாருங்கள். எந்த விதியால் யார் முகம் வாடுகிறது என்று திண்ணையிலிருந்து கவனியுங்கள், ஞாயிற்றுக்கிழமை மாற்றுங்கள். நடு ஆட்டத்தில் மட்டும் எதையும் மாற்றாதீர்கள், அது நல்ல விதியாக இருந்தாலும்.

டாஸுக்கு முன்னால் விதிகளை ஒருமுறை உரக்கச் சொல்லச் சொல்லுங்கள். எங்கள் மதிலில் கரித்துண்டால் ஆறு வரி எழுதியிருக்கிறது, மழைக்கு அழிந்தால் கடைக்குட்டிதான் மறுபடி எழுதும். அப்புறம் யார் முதலில் ஆடுவது என்பதற்கு, மண்ணில் ஒன்றிலிருந்து ஒன்பது வரை எண்களை மாற்றி மாற்றி எழுதி, ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு கோடு இழுத்துவிட்டு, எண்களின் மேல் பேட்டைக் கவிழ்த்து வைத்துவிடுவோம். கோட்டின் நுனி மட்டும் வெளியே தெரியும். வயதில் சின்னவர் முதலில் ஒரு கோட்டில் விரல் வைக்கும், பிறகு அடுத்தவர். எல்லாரும் வைத்து முடித்ததும் பேட்டைத் தூக்க வேண்டும்.